மாசி வெயிலில் மொட்டை மரங்கள்

பிப்ரவரி மாதத்தில் சுங்கை பட்டாணியிலிருந்து கோலக்கெட்டில் வழியாக பாலிங்குக்குப் போகிற வெளியூர்க்காரர்கள், சாலையோர ரப்பர் மரங்களைப் பார்த்து அவை பட்டுப்போய்விட்டனவோ என்று கேட்பதுண்டு. நண்பகல் வெயில் 34 டிகிரியைத் தொட்டிருக்கும். விடியற்காலையில்கூட 22, 23 டிகிரிக்குக் கீழே இறங்கியிருக்காது. ஆனாலும் நிரை நிரையாக நிற்கும் மரங்களில் ஓர் இலை இருக்காது. தரையெங்கும் சருகு. நிழல் என்பதே இல்லாமல் தோட்டம் முழுக்க வெளிச்சம் கொட்டிக்கிடக்கும்.

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இல்லை. பொங்கல் கழிந்து தைப்பூசக் காவடியும் இறங்கினால் இலை உதிரும் காலம் வந்துவிட்டது என்று பொருள். துரைமார்கள் தங்கள் கணக்கேட்டில் அதை 'விண்டரிங்' (குளிர்காலம் கழித்தல்) என்று எழுதினார்கள். பால் வெட்டுகிறவர்கள் அதைப் பால் வடியும் மங்கில் கண்டார்கள். மற்ற மாதங்களில் ததும்புகிற மங்கு அப்போது பாதிகூட நிறையாது. காலையில் எத்தனை மரம் வெட்டினாலும் வாளி கனக்காது. கிலோ கணக்கில் கிடைக்கும் மேல்வரும்படி அந்த மாதங்களில் அறுந்துபோகும். பள்ளிக்கூடம் திறந்து, புதுச் சீருடையும் புத்தகமும் வாங்கிக் கை வறண்டிருக்கும் நேரமும் அதுவாகவே இருந்தது. கெடா தோட்டக் குடும்பங்களின் கடன் நோட்டுகளில் ஆண்டின் முதல் நான்கு மாதங்கள் தனியாகத் தெரிந்ததற்கு இந்த மரத்தின் உடலியல்தான் காரணம். அந்த உடலியலை வெட்டுகிறவர்களுக்கு யாரும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை. சொல்லியிருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன்.

குளிரே வராத ஊரில் ஒரு மரம் எதற்காகக் குளிர்காலம் கொண்டாட வேண்டும்?

விடையைக் கொஞ்சம் சுற்றி வந்துதான் பிடிக்க முடியும். கனடாவிலும் வட அமெரிக்காவின் பிற குளிர்ப் பகுதிகளிலும் காரவன் வண்டி வைத்திருப்பவர்கள் பனிக்காலம் தொடங்கும் முன் ஒரு வேலையைத் தவறாமல் செய்வார்கள். வண்டியின் தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்வார்கள். சுடுநீர்க் கலனைத் திறந்து வடிப்பார்கள். காற்றழுத்த எந்திரத்தைக் குழாயில் பொருத்தி, வளைவுகளில் தங்கியிருக்கும் தண்ணீரை ஊதித் தள்ளுவார்கள். அப்படியும் போகாத இடங்களில் புரோப்பிலீன் கிளைக்கால் கலந்த இளஞ்சிவப்புத் திரவத்தை நிரப்புவார்கள். அது சாதாரணக் குளிரில் உறையாது, மனிதர்களுக்குப் பெரிய கேடும் செய்யாது. இவ்வளவும் எதற்கென்றால், தண்ணீர் உறையும்போது அதன் கன அளவு சுமார் 9 விழுக்காடு பெருகுகிறது. குழாயின் நடுவில் ஒரு பனிக்கட்டி உருவாகி வளர்ந்தால், அதற்கும் மூடிய குழாய்முனைக்கும் இடையில் சிக்கிய தண்ணீர் போக வழியில்லாமல் நெரிபடும். அந்த அழுத்தம் செம்புக் குழாயையே கிழித்துவிடும். பெரும்பாலும் பனிக்கட்டி இருந்த இடத்தில் குழாய் வெடிப்பதில்லை, அதற்கு அப்பால் தண்ணீர் சிறைப்பட்ட இடத்தில்தான் வெடிக்கிறது. எனவேதான் குழாயைப் போர்வை சுற்றிக் காப்பதைவிட, உள்ளே தண்ணீரே இல்லாமல் செய்வது உறுதியான வழி.

மரமும் ஒரு குழாய் அமைப்புதான். வேரிலிருந்து உச்சி இலை வரை, மரக்கட்டைக்குள் மயிரிழையினும் மெல்லிய குழாய்கள் ஓடுகின்றன. ஆனால் காரவனில் பம்பு தண்ணீரைப் பின்னாலிருந்து தள்ளுகிறது. மரத்தில் இலைதான் மேலிருந்து இழுக்கிறது. இலைத்துளைகள் வழியே நீராவி வெளியேற வெளியேற, அதன் பின்னால் இருக்கும் நீர் இழுபட்டு மேலே வருகிறது. வெயில் ஏறிய நேரத்தில் ரப்பர் மரத்தின் நீர்க்குழாய்களில் இந்த இழுவிசை வளிமண்டல அழுத்தத்தைப்போல் 10 முதல் 15 மடங்கு வரை போகும். நீர் அறுபடாமல் நிற்பதே ஒரு வியப்பு. நீரின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டிருக்கும் பிணைப்புதான் அதைத் தாங்குகிறது.

எல்லை ஒன்று உண்டு. மண் காய்ந்து, காற்றும் காய்ந்து, இலை மட்டும் விடாமல் இழுத்துக்கொண்டிருந்தால், ஒரு கட்டத்தில் பக்கத்திலிருக்கும் நுண்துளை வழியாகக் காற்றுக்குமிழி உள்ளே புகும். புகுந்ததும் அந்தக் குழாயில் நீரோட்டம் அறுந்துவிடும். அதன் சுமை அடுத்த குழாய்களின் மேல் விழும், அவையும் அறுபடத் தொடங்கும். குளிர்நாட்டு மரங்களுக்கும் இதே ஆபத்து இருக்கிறது, ஆனால் வேறு வாசல் வழியாக வருகிறது. அங்கே குழாய்க்குள் நீர் உறையும்போது அதில் கரைந்திருந்த காற்று பனிக்கட்டிக்குள் இடமில்லாமல் குமிழியாகப் பிரிகிறது. பனி இளகும்போது அந்தக் குமிழி விரிந்து குழாயை அடைக்கிறது. ஓக் மரங்கள் ஒவ்வொரு பனிக்காலத்திலும் தங்கள் அகலக் குழாய்களில் பெரும்பகுதியை இப்படி இழந்து, வசந்தத்தில் புதிதாகக் கட்டிக்கொள்கின்றன. அங்கே பனி செய்வதைக் கெடாவில் வறட்சி செய்யப் பார்க்கிறது.

அந்த வறட்சி எங்கிருந்து வருகிறது? நவம்பரிலிருந்து மார்ச் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்று தென்சீனக் கடலிலிருந்து ஈரத்தை அள்ளிக்கொண்டு வருகிறது. கிளந்தானும் திரங்கானுவும் வெள்ளத்தில் மிதக்கும். ஆனால் தீபகற்பத்தின் முதுகெலும்பாக நிற்கும் மலைத்தொடர்களைத் தாண்டி மேற்கே வரும்போது அந்தக் காற்றில் ஈரம் தீர்ந்துபோயிருக்கும். கெடாவும் பெர்லிஸும் அந்த மழை மறைவில் இருக்கின்றன. ஜனவரியும் பிப்ரவரியும் இங்கே உண்மையான கோடை. ஜொகூரில் இந்த அளவு தெளிவான வறட்சி கிடையாது. அங்கே ரப்பர் மரம் அரைகுறையாக, கிளைக்குக் கிளை வேறு நாளில் இலை உதிர்க்கும். கெடாவில் ஒரு தோட்டம் முழுதும் ஏறக்குறைய ஒரே மூச்சில் மொட்டையாகும். நோய் விஷயத்தில் இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதைப் பின்னால் பார்க்கலாம்.

குழாய்கள் அறுபடும் முன் இழுக்கிறதை நிறுத்த வேண்டும், அதாவது இலையைக் கைவிட வேண்டும். ரப்பர் மரத்தில் செய்த சோதனைகளில், கிளையைவிட இலைக்காம்பில்தான் நீரோட்டம் முதலில் அறுபடுகிறது என்று தெரிந்திருக்கிறது. சில மாதங்களில் திரும்ப வளர்த்துக்கொள்ளக்கூடிய உறுப்பு முதலில் போகிறது. பல ஆண்டு உழைப்பில் உருவான கிளையும் அடிமரமும் காப்பாற்றப்படுகின்றன. மூன்று, நான்கு வயது வரையுள்ள கன்றுகள் இலை உதிர்ப்பதில்லை. மரம் கிளைத்து முதிர்ந்த பிறகுதான் இந்த ஆண்டுச் சடங்கு தொடங்குகிறது.

உதிர்வதற்கு முன் மரம் செய்யும் வேலை எனக்கு மிகவும் பிடித்தது. இலையை அப்படியே தூக்கி எறிவதில்லை. பச்சையத்தைச் சிதைத்து, இலைப் புரதங்களில் இருந்த நைட்ரஜனைக் கிளைக்குத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. பாஸ்பரஸையும் பொட்டாசியத்தையும் கணிசமாக மீட்டுக்கொள்கிறது. நகர்த்த முடியாத சுண்ணாம்புச் சத்து மட்டும் சருகோடு மண்ணுக்குப் போகிறது. பச்சை விலகியதும் மஞ்சளும் செம்பும் கலந்த நிறங்கள் வெளிப்படுகின்றன. ஜனவரி இறுதியில் கூலிம் பக்கத்துக் குன்றுகள் அப்படிச் சிவந்து நிற்பதை ஒரு வாரம் பார்க்கலாம். இதற்குள் காம்பின் அடியில் ஒரு மெல்லிய உயிரணுப் படலம் தயாராகிவிடும். இலை ஆரோக்கியமாக இருந்தவரை அனுப்பிக்கொண்டிருந்த ஆக்சின் என்ற வளர்ச்சி ஊக்கி குறையும்போது, எத்திலீன் வாயுவின் கை ஓங்குகிறது. உயிரணுக்களை ஒட்டவைத்திருந்த பசையை நொதிகள் கரைக்கின்றன. பிறகு ஒரு சிறு காற்று போதும். விழுந்த இடத்தில் தக்கை மூடிக்கொள்ளும்.

எத்திலீன் என்றதும் பழைய வெட்டுக்காரர்களுக்கு ஒரு மருந்து நினைவுக்கு வரும். பால் கூடுதலாக வடிய வெட்டுப் பட்டையில் தடவுகிற எத்திஃபோன், மரத்துக்குள் போய் வெளியிடுவதும் இதே எத்திலீனைத்தான். அது பால்குழாய் அடைபடுவதைத் தள்ளிப்போடுவதால் பால் நெடுநேரம் வடிகிறது. இலையை உதிர்க்கும் அதே வாயு பாலையும் வடியவைக்கிறது. இலை உதிரும் நாட்களில் அந்த மருந்தைத் தடவக் கூடாது என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. மரத்துக்கே வரவு இல்லாத நேரத்தில் அதைக் கூடுதலாகச் செலவழிக்கச் சொல்வது அது.

பால் ஏன் குறைகிறது என்பதற்கு இரண்டு காரணங்கள். முதலாவது நீர். ரப்பர் பால் ஓடுவது மரக்கட்டையில் இல்லை, பட்டைக்குள் இருக்கும் தனிக் குழாய்களில். மரக்கட்டையில் நீர் இழுபட்டுக்கொண்டிருக்க, சில மில்லிமீட்டர் தள்ளிப் பட்டையில் பால் உள்ளிருந்து நெருக்கித் தள்ளிக்கொண்டிருக்கிறது. 1925இல் தொடங்கப்பட்ட மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தில் பணியாற்றிய பட்டரி, போட்மன் என்ற இருவர் இந்த அழுத்தத்தை நேரடியாக அளந்து, 1964இல் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்டார்கள். விடியும் முன் அது வளிமண்டல அழுத்தத்தைப்போல் 10 மடங்கையும் தாண்டுகிறது. வெயில் ஏறி இலை நீரை இழுக்கத் தொடங்கியதும் இறங்கிவிடுகிறது. இருட்டில் நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு, கொசுக்கடியில் நம் தாய்மார்கள் மரம் மரமாக ஓடியது இந்த அழுத்தத்தைப் பிடிக்கத்தான். பாலில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர். மண்ணில் ஈரமில்லாத மாசியில் அந்த அழுத்தம் இரவிலும் முழுதாக ஏறுவதில்லை.

இரண்டாவது காரணம் சர்க்கரை. இலையில் தயாராகும் சர்க்கரையிலிருந்துதான் மரம் ரப்பரை நெய்கிறது. இலை இல்லை என்றால் வரவு இல்லை. இருப்பதெல்லாம் கட்டைக்குள் மாவுச்சத்தாகச் சேர்த்துவைத்த சேமிப்பு. அந்தச் சேமிப்பிலிருந்துதான் புது இலை முழுவதையும் கட்டியாக வேண்டும். தாய்லாந்தில் நடந்த ஓர் ஆய்வு, 2007இல் வெளியானது, எதிர்பாராத ஒன்றைக் காட்டியது. வெட்டாத மரத்தைவிடப் பால் வெட்டப்படும் மரம்தான் கட்டையில் கூடுதலாக மாவுச்சத்தைச் சேர்த்துவைக்கிறது. ஒவ்வொரு வெட்டையும் மரம் ஓர் இழப்பாகக் கண்டு, அதற்கு ஈடாகக் கையிருப்பைப் பெருக்கிக்கொள்கிறது. அதன் தடிப்பு வளர்ச்சி அதற்கேற்பக் குறைகிறது. பால் தருவதற்கு மரம் கொடுக்கும் விலை அது.

இதைவிட விசித்திரம், மரம் மழைக்குக் காத்திருப்பதில்லை. வறட்சியைத் தாங்க இலையை உதிர்த்த மரம், மழை வந்தபின் துளிர்ப்பதுதான் முறை என்று நமக்குத் தோன்றும். ரப்பர் மரம் வறட்சி உச்சத்தில் இருக்கும்போதே, உதிர்த்த சில வாரங்களில் துளிர்க்கிறது. மேல்மண் பொடியாக இருந்தாலும் ஆழத்துக்குப் போன வேர்கள் அடிமண்ணின் ஈரத்தை எட்டிவிடுகின்றன. சீனாவின் யுன்னான் மாநிலத்தில் உள்ள சிஷுவாங்பன்னாவில் ரப்பர் துளிர்க்கும் நேரத்தில் அடிமண் நீர் சட்டென்று குறைவதை ஆய்வாளர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள்.

அப்படியானால் மரத்துக்கு நாள் குறித்துக் கொடுப்பது எது? கெடா கிட்டத்தட்ட 6 பாகை வட அகலாங்கில் இருக்கிறது. ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இங்கே முக்கால் மணி நேரம்கூட வித்தியாசம் இல்லை. அவ்வளவு சிறிய வேறுபாட்டை மரம் உணர்கிறதா என்பதில் வாதம் உண்டு. பூக்கும் காலத்தைப் பொறுத்தவரை, மலேசிய ஆய்வாளர் இயாங் ஹூங் இயட் 2007இல் வேறொரு விளக்கம் தந்தார். பகலின் நீளம் முக்கியமல்ல, வெயிலின் உக்கிரம்தான் முக்கியம் என்பது அவர் வாதம். சூரியன் நிலநடுக்கோட்டைக் கடக்கும் மார்ச், செப்டம்பர் மாதங்களை ஒட்டி உச்சி வெயில் கடுமையாகிறது. ரப்பர் மரம் பெரிய அளவில் ஒரு முறையும் சிறிய அளவில் ஒரு முறையும் பூப்பது அதோடு ஒத்துப்போகிறது.

இலை உதிர்க்கும் பழக்கம் மரத்தின் பூர்வீகத்திலிருந்து வந்தது. 1876இல் ஹென்றி விக்கம் ஏறத்தாழ 70,000 விதைகளை லண்டனுக்கு அனுப்பியது பிரேசிலின் தபாஜோஸ் ஆற்றுப் பகுதியிலிருந்து. அங்கே தெளிவான வறட்சிப் பருவம் உண்டு. லண்டனின் கியூ தாவரப் பூங்காவில் முளைத்தவற்றின் வழிவந்த 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூருக்கு வந்தன. மலாயாவின் தோட்டங்கள் பெரும்பாலும் அவற்றின் சந்ததி. ஆண்டின் பிற்பாதியில் வரும் அமேசான் வறட்சியை மறந்து, தை மாசியில் வரும் கெடா வறட்சிக்கு அவை தங்களை மாற்றிக்கொண்டன. நம்மவர்களில் பலர் கப்பலேறி வந்ததும் அந்த மரத்தின் பின்னால்தான்.

இனி நோய். பால் குறைவதைவிட எனக்குக் கவலை தருவது இதுதான். துளிர்த்த இலை முதலில் செம்பு நிறத்தில், விறைப்பில்லாமல் தொங்கும். மெல்ல வெளிர்பச்சையாகி, நான்கைந்து வாரங்களில் முதிரும். அந்த வாரங்களில் இலையின் மேல்தோல் மிக மெலிது. ஓயிடியம் என்ற சாம்பல் பூஞ்சை அந்த நேரத்துக்காகவே காத்திருப்பது. ரப்பரில் அது 1918இல் ஜாவாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. மூடுபனி விழும் விடியலும் லேசான தூறலும் அதற்கு உகந்தவை. இளந்தளிரில் வெண்பொடி படிந்து, சுருங்கி, மரம் இரண்டாம் முறை மொட்டையாகும். சேமிப்பையெல்லாம் செலவழித்துக் கட்டிய இலை போய்விட்டால், இன்னொரு சுற்று கட்ட மரத்திடம் மிச்சம் அதிகமில்லை. அந்த ஆண்டு பால் வரவு எழுந்திருக்கவே எழுந்திருக்காது. இதற்குத் தோட்டங்களில் கந்தகப் பொடி தூவினார்கள். பனி ஈரத்தில் பொடி இலையில் ஒட்டும் என்பதால் விடியும் முன்பே தூவினார்கள். தூவியவர்களின் கண்ணும் மூச்சுக்குழலும் பட்ட பாட்டை யாரும் கணக்கெடுத்ததாகத் தெரியவில்லை.

இங்கேதான் கெடாவின் கடும் வறட்சி ஒரு நன்மையாகிறது. எல்லா மரமும் ஒன்றாக உதிர்த்து, காய்ந்த காற்றில் ஒன்றாகத் துளிர்த்து, மழை திரும்பும் முன் இலை முதிர்ந்துவிட்டால், பூஞ்சைக்கு இடம் கிடைக்காது. பிரேசிலில் ரப்பரை அழித்த தென்னமெரிக்க இலைக்கருகல் நோயிலிருந்து சாவோ பாவ்லோ மாநிலத் தோட்டங்கள் பெருமளவு தப்பியிருப்பதும் இதே கணக்கில்தான். அங்கே வறட்சியில் துளிர்க்கிறது, நோய் வித்துகள் முளைக்க ஈரம் இல்லை. மாறாக, பிப்ரவரி நடுவில் பருவம் தப்பிய மழை இரண்டு மூன்று பெய்தால், சில மரங்கள் முன்னே, சில பின்னே என்று துளிர்ப்பு இழுத்துக்கொண்டே போகும். தோட்டத்தில் எப்போதும் எங்காவது இளந்தளிர் இருக்கும், பூஞ்சைக்கு மாதக்கணக்கில் விருந்து. துளிர்ப்பை விரைவுபடுத்த, உதிர்வுக்கு முன்பாகவே நைட்ரஜன் உரம் இடுவதும், மருந்து தெளித்து எல்லா மரத்தையும் ஒரே நேரத்தில் உதிரவைப்பதும் மலேசியாவில் சோதித்துப் பார்க்கப்பட்ட முறைகள்.

2017 முதல் மலேசியாவில் இன்னொரு தொல்லை. பெஸ்டலோஷியாப்சிஸ் என்ற பூஞ்சை, முதிர்ந்த இலையில் வட்ட வட்டமாகப் புள்ளி விழவைத்து, பருவமில்லாத நேரத்திலேயே உதிர்க்கிறது. ஆண்டுக்கொரு முறை உதிரும் இலையோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. சத்தை மீட்டுக்கொண்டு மரமே விட்ட இலை வேறு, சத்தோடு பிடுங்கப்பட்ட இலை வேறு. கீழே கிடக்கும் இலையை எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். ஒன்று மஞ்சளாகவோ செம்பழுப்பாகவோ சீராக நிறம் மாறியிருக்கும். மற்றொன்றில் பழுப்பு வட்டங்கள் இருக்கும்.

உண்மையான குளிரில் ரப்பர் மரம் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். யுன்னானிலும், இந்தியாவில் திரிபுராவிலும் இந்த மரத்தை அதன் எல்லைக்கு அப்பால் கொண்டுபோய் நட்டிருக்கிறார்கள். அங்கே குளிரலை வந்தால் கிளைகள் நுனியிலிருந்து காய்கின்றன, அடிமரப் பட்டை வெடித்துப் பால் கசிகிறது. குளிரில் பால் சீக்கிரம் அடைபடாமல் நெடுநேரம் சொட்டிக்கொண்டே இருக்கும். நல்ல வரவுபோலத் தோன்றினாலும் மரத்துக்கு அது இரத்தப்போக்கு. ஆகவே யுன்னானில் குளிர் இறங்கியதும் கத்தியை வைத்துவிடுகிறார்கள், மார்ச், ஏப்ரல் வரை தொடுவதில்லை. அங்கே அது விதி. இங்கே அப்படிப்பட்ட விதி இறுக்கமாக இருந்ததில்லை. பெரிய தோட்டங்கள் சில வாரங்கள் ஓய்வு கொடுத்தன. ஓய்வு நாட்களில் ஆட்களைப் புல் வெட்டவும் கான் தோண்டவும் அனுப்பின. சிறுதோட்டக்காரர்கள் பலர் வேறு வரவில்லாமல் வெட்டிக்கொண்டே இருந்தார்கள். தாய்லாந்திலும் மலேசியாவிலும் ஒரே நேரத்தில் வரத்துக் குறைவதால் பிப்ரவரி முதல் மே வரை சந்தையில் விலை ஏறுவதுண்டு. மரத்தை விட்டுவைக்க வேண்டிய நேரத்தில்தான் அந்த ஆசையும் வருகிறது. ஓய்வுக் காலத்துக்கு ஓர் உதவித்தொகை இல்லாமல், ஒரு குடும்பத்திடம் போய் மரத்துக்காக வெட்டாமல் இரு என்று சொல்வது நியாயமில்லை.

கெடாவின் பழைய பெருந்தோட்டங்களில் பல இன்று செம்பனைக்கும் தாமான் குடியிருப்புகளுக்கும் போய்விட்டன. செம்பனை ஆண்டு முழுக்கப் பச்சையாக நிற்கும் மரம். ரப்பர் இன்று பெரும்பாலும் பாலிங், சிக், பாடாங் திராப் பக்கத்துச் சிறுதோட்டங்களில்தான். அங்கே உள்ளவர்கள் மீண்டும் எப்போது கத்தியை எடுப்பது என்று நாட்காட்டியைப் பார்ப்பதைவிட மரத்தைப் பார்ப்பது நல்லது. தொங்கிக்கொண்டிருந்த இலை கிடைமட்டமாக நிமிர்ந்திருக்க வேண்டும். விரலால் மடக்கினால் துணிபோல் மடியாமல் விறைத்துத் திமிற வேண்டும். மேல்புறம் கரும்பச்சையாகி மினுங்க வேண்டும். மேலே அண்ணாந்து பார்த்தால் வானம் பாதிக்கு மேல் மறைந்திருக்க வேண்டும். இலை தன் தேவைக்கு மேல் சர்க்கரை செய்து கீழே அனுப்பத் தொடங்கியிருப்பது அந்த நிலையில்தான். அதற்கு முன் வெட்டுகிற ஒவ்வொரு மங்குப் பாலும் இன்னும் வளராத இலையிலிருந்து எடுத்தது.